பதறினாலும் சிதறாத கார் வேண்டும்!



"பதறாத காரியம் சிதறாது" என்று பெரியவங்க சொல்லுவாங்க. நல்ல பழமொழிதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஆபத்து வரும்போது பதறாத மனிதர் யாராவது உண்டா? அதிவேக ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தச் சந்தேகம் வந்தது. என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

நம் வகுப்புப் பையன்கள் கார் படத்தைப் பார்த்தால் "இது எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான் கேட்பார்கள். "இது எப்படி நிற்கும்?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. உண்மையில் ஓடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம்.

பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா? அறிவியல் பாடத்தில் படித்த நிலைமம்தான் அது. காருக்கும் அதே கதைதான். பிரேக்கை மிதித்ததும் பாரம் முன் சக்கரங்கள் மேல் போய் இறங்கும். மூக்கு தாழும், வால் தூக்கும். முன் டயர்கள் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். பின் டயர்களுக்குப் பிடி குறைந்துவிடும். சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் பின் சக்கரம் தூக்குமே, அதுபோலத்தான்.

அந்த நேரத்தில் பின் சக்கரங்கள் முதலில் சுழலாமல் நின்றுவிட்டால் கார் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். முன் சக்கரங்கள் நின்று வழுக்கினால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். அதனால்தான் முன் பிரேக்கைப் பின் பிரேக்கைவிடப் பலமாகச் செய்கிறார்கள்.

வேகம் கூடினால் ஆபத்து எப்படிக் கூடும் தெரியுமா? வேகம் 2 மடங்கானால் இயக்க ஆற்றல் 4 மடங்காகும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 50 மீட்டர்! கண்ணை மூடித் திறப்பதற்குள் கார் எங்கேயோ போயிருக்கும்.

இப்போது ஒரு உண்மைச் சம்பவம். ஜெர்மனியில் ஆடி கம்பெனி 1998-ல் ஆடி டிடி என்ற காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆமை ஓடு மாதிரி உருண்டையான, ரொம்ப அழகான கார். அந்த நாட்டு ஆட்டோபான் சாலைகளில் பல இடங்களில் வேகத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது சட்டென்று பாதை மாறினாலோ, வளைவில் வேகமாகத் திரும்பினாலோ அந்தக் கார் நிலைதடுமாறியது. விபத்துகள் நடந்தன. உயிர்களும் போயின. அந்த வளைந்த உடம்பின் மேல் ஓடிய காற்று பின்பக்கத்தை லேசாக்கியதும் ஒரு காரணம். ஏற்கெனவே லேசான வால். பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ பாரம் இன்னும் முன்னால் போகும். அப்புறம் வால் என்ன ஆகும்? நீங்களே யோசியுங்கள்.

இதற்கு "ஓட்டினவர் தப்பு, அவருக்கு ஓட்டத் தெரியலை" என்று சொல்வது சுலபம். தேர்ந்த டிரைவர்கள் செய்கிற முறை ஒன்று இருக்கிறது. வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். பிறகு காலைப் படக்கென்று எடுக்காமல் மெதுவாகத் தளர்த்திக்கொண்டே திருப்ப வேண்டும். ஏனென்றால் டயருக்கு இருக்கும் பிடி ஓரளவுதான். அதையே நிற்பதற்கும் திரும்புவதற்கும் பங்கு போட வேண்டும். இது நல்ல முறை, கார் ஓட்டுகிறவர்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நான் மறுக்கவில்லை.

ஆனால் பயந்த கால் மூளையிடம் கேட்டுவிட்டா பிரேக்கை மிதிக்கும்? போன வருஷம் சைக்கிளில் வரும்போது குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி ஓடிவந்தது. மணலில் முன் பிரேக்கை இறுக்கிவிட்டேன். சக்கரம் வழுக்கி விழுந்து முட்டி பேர்ந்துபோச்சு. எங்க அண்ணன் "பயப்படறவ எல்லாம் ஏன் ஓட்டறே?" என்று கேட்டான். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். பயப்படுவது குற்றம் இல்லை. பயப்படுகிற மனிதர்களுக்குத்தான் வண்டி விற்கிறார்கள்!

ஆடி கம்பெனியும் கடைசியில் என்ன செய்தது? 1999 கடைசியிலும் 2000 தொடக்கத்திலும் விற்ற கார்களைத் திரும்ப வரவழைத்தது. பின்னால் காற்றை அடக்க ஒரு ஸ்பாய்லர் வைத்தது. சஸ்பென்ஷனை மாற்றியது. இ.எஸ்.பி. என்ற கருவியையும் சேர்த்தது. கார் வழி தவறிச் சுற்றப் பார்த்தால் அந்தக் கருவி தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து நேராக்கும். ஸ்பாய்லர் வைத்ததால் அழகு கெட்டது என்பவர்களும் உண்டு. உயிரைவிடவா அழகு பெரிது?

அந்த இ.எஸ்.பி. ஒன்றும் அப்போது புதிதாகப் பிறந்தது அல்ல. 1995-லேயே மெர்சிடிஸ் காரில் வந்துவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 1978-லேயே வந்துவிட்டது. 2005-ல் வந்த புகாட்டி வேய்ரான் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதில் வேகமாகப் போகும்போது பிரேக் போட்டால் பின்னால் உள்ள இறக்கை நிமிர்ந்து காற்றைத் தடுக்கும், வாலையும் கீழே அழுத்தும். ஆக, மனிதன் பதறுவான் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்ய முடியும். மனசு இருந்தால் போதும்.

அதற்காக, கருவி இருக்கிறது என்று கண்மூடித்தனமாக ஓட்டலாமா? கூடாது. டயருக்கு இல்லாத பிடியை எந்தக் கருவியாலும் கொடுக்க முடியாது.

ஆகவே தோழர்களே, ஓட்டுகிறவர் பதறாமல் இருக்கப் பழகட்டும். ஆனால் அவர் பதறினாலும் காப்பாற்றுகிற மாதிரி வண்டியைச் செய்வது செய்கிறவர் கடமை. ஒருத்தர் கடமையை இன்னொருத்தர் தலையில் கட்டக் கூடாது. இனிமேல் கார் படத்தைப் பார்த்தால் "எப்படி நிற்கும்?" என்றும் கேளுங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி