இசைக்கும் ஜாதி உண்டோ?

மனிதரைப் பிறப்பினால் பிரித்து, இவர்க்கு இன்ன தெரு, இவர்க்கு இன்ன தொழில் என்று வரையறுத்த கூட்டத்தார் இசையை மட்டும் விட்டுவைத்தார்களா? இல்லை. இன்னார் இன்னதைத்தான் பாடலாம், அதையும் இன்னவாறுதான் பாடலாம் என்று அதற்கும் வேலி கட்டினார்கள். இக்கொடுமை நம்மவர்க்கு மட்டுமே உரிய தனிச்சொத்து என்று எண்ணுவோர் அமெரிக்க நாட்டு இசையின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்பாராக. அங்கே ஜாதிக்குப் பதிலாக நிறம். மற்றபடி வேலி ஒன்றே.

இதனை நாம் எழுத நேர்ந்த காரணம் யாதெனின், 'அலபாமா ஷேக்ஸ்' என்னும் ராக் இசைக் குழுவினர் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டைப் பற்றிச் சிலர் சொல்லிவரும் ஒரு குறையே. 'ஸவுண்ட் அண்ட் கலர்' என்பது அத்தட்டின் பெயர். ஓசையும் வண்ணமும் என்று பொருள் கொள்ளலாம். "முதல் தட்டில் பழைய ஸோல் இசை பொங்கி வழிந்தது, இரண்டாவதில் அதைக் கைவிட்டுக் கண்ட வழியெல்லாம் போய்விட்டார்கள்" என்பது அக்குறை. குலத்தொழிலை விட்டவனைக் குறித்து ஊர்ப் பெரியதனக்காரர் பேசும் தோரணை இதில் இல்லையா? ஆதலின் இதனைக் கேட்டு வாளா இருத்தல் தகாது எனக் கருதுகிறோம்.

ஸோல் என்பதற்கு ஆன்மா என்று பொருள். கறுப்பின மக்கள் தம் மாதாகோயில்களில் பாடிய வழிபாட்டு இசையும், வாழ்வின் துன்பத்தைச் சொல்லும் புளூஸ் இசையும் கலந்து, 1950களிலும் 1960களிலும் உருப்பெற்ற பாட்டு முறை அது. தொண்டை கிழியக் கதறுவதும், அடுத்த நொடியே குழந்தையைத் தாலாட்டுவதுபோல் தணிவதும் அதன் இயல்பு. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. அதனை ஒரு சிறைக்கூடமாக்குவதையே மறுக்கிறோம்.

புகழ்ச்சி என்னும் விலங்கு

இக்குழுவினர் அலபாமா மாகாணத்தின் வடபகுதியிலுள்ள ஏதென்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். பாடுபவரும் கிதார் வாசிப்பவருமான பிரிட்டனி ஹோவர்ட் என்னும் பெண்மணியின் தந்தை கறுப்பர், தாய் வெள்ளையர். ஸாக் காக்ரெல், ஹீத் ஃபாக், ஸ்டீவ் ஜான்ஸன் ஆகிய மற்ற மூவரும் வெள்ளையர். பெருநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பகலெல்லாம் கூலிக்கு உழைத்து இரவில் இசை பழகியவர்கள். ஹோவர்ட் ஊர் ஊராகச் சென்று தபால் கொடுக்கும் வேலை பார்த்தவர்.

2012இல் 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' என்னும் முதல் தட்டு வெளிவந்தது. விமர்சகர் பலர் வாயாரப் புகழ்ந்தனர். எவ்வாறு புகழ்ந்தனர் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1967இல் மாண்ட ஓட்டிஸ் ரெட்டிங்கின் குரலை அதில் கேட்டார்கள். 1970இல் மாண்ட ஜானிஸ் ஜாப்ளினைக் கண்டார்கள். பழைய பொற்காலம் திரும்பிவிட்டதென்று மகிழ்ந்தார்கள். மறுபிறவிக் கொள்கையில் நமக்கு நம்பிக்கையில்லை. உயிரோடு எதிரே நின்று பாடும் ஒரு பெண்ணை, இறந்துபோனோரின் மறுபிறவி என்று சொல்லுவது அவரைப் போற்றுவதாகுமா? "நீ இப்படியே இரு, எங்கள் பழைய நினைவுகளுக்குக் காவலாளியாக இரு" என்று கட்டளையிடுவதேயாகும். வசைச்சொல்லால் கட்டப்பட்டவன் அதனை அறுத்தெறிய முயலுவான். புகழ்ச்சியால் கட்டப்பட்டவனோ தான் கட்டுண்டிருப்பதையே அறியான்.

பெயர் சூட்டியவர் யார்?

நிற்க. "இது அவர்களுடைய இசை, இது இவர்களுடைய இசை" என்னும் பாகுபாடு எங்கிருந்து வந்தது? பாடியவர்களிடமிருந்து வரவில்லை, பெரிதும் விற்றவர்களிடமிருந்தே வந்தது. 1920களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பர்க்கு விற்கும் தட்டுகளைத் தனி வரிசையாகப் பிரித்து, 'ரேஸ்', அதாவது 'இனம்', என்னும் முத்திரையைக் குத்தின. நாட்டுப்புற வெள்ளையரின் பாட்டுக்கு வேறு வரிசை. பில்போர்ட் என்னும் வணிக இதழும் விற்பனைப் பட்டியலை அவ்வாறே பிரித்தது. கறுப்பர் பட்டியலுக்கு 1942இல் 'ஹார்லம்' என்னும் நகர்ப்பகுதியின் பெயர், 1945இல் 'ரேஸ்', 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்', 1969இல் 'ஸோல்', 1982இல் வெளிப்படையாகவே 'பிளாக்', அதாவது 'கறுப்பு'. பலகையில் எழுத்து மாறிற்று, அறை மாறவில்லை. ஆன்மா என்னும் உயர்ந்த சொல்லும் அந்த அறைவாசலில் தொங்கிய பலகைகளுள் ஒன்றாகவே பயன்பட்டது. இதனை அறிந்த பின்னரும், "ஸோல் அறையை விட்டு ஏன் வெளியே வந்தாய்?" என்று ஒரு கலைஞரைக் கேட்பது நியாயமா?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். ராக் இசை வெள்ளையரின் உடைமை என்று இன்று பலர் எண்ணுகின்றனர். 1956இல் அதே அலபாமாவில் நடந்ததென்ன? நிறவெறியர் திரண்ட வட அலபாமா வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தின் தலைவர் ஏஸா கார்ட்டர், ராக் அண்ட் ரோல் கறுப்பரின் இசை, அது வெள்ளை இளைஞரைக் கெடுக்கிறது என்று கூக்குரலிட்டு, காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளிலிருந்து அத்தட்டுகளை அகற்ற வேண்டுமென்று கிளர்ச்சி செய்தார். அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோலை அம்மன்றத்தைச் சேர்ந்த முரடர்கள் மேடையேறித் தாக்கினர். அவரோ ராக் பாடகரே அல்லர்; இனிய மெல்லிசை பாடுபவர்; அதே மாகாணத்தின் தலைநகரான மாண்ட்கமரியில் பிறந்தவர். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த அவையில் பாடிய கறுப்பர் என்பதொன்றே அவர் செய்த குற்றம்!

அன்று "இது கறுப்பர் இசை, விலக்குங்கள்" என்றார்கள். இன்று ஒரு கறுப்புப் பெண்மணி மின்கிதாரை ஏந்தி ராக் இசைத்தால், "இது உன் மரபன்று, ஸோலுக்குத் திரும்பு" என்கிறார்கள். அன்றையோர் பகைவர், இன்றையோர் தம்மை இரசிகர் என்று சொல்லிக்கொள்வோர். நோக்கம் வேறாகலாம், கைகாட்டும் மூலை ஒன்றே. மின்கிதாரை மீட்டிக்கொண்டு 1940களிலேயே மேடைகளை அதிரவைத்த சிஸ்டர் ரொஸெட்டா தார்ப் கறுப்புப் பெண்மணியல்லரோ? அவர் 1973இல் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல். நாற்பத்தைந்து ஆண்டு மறதி! அவ்விழாவில் அவரைப் போற்றிப் பேசி அவர் பாட்டையும் பாடியவர் வேறெவருமல்லர். இந்தப் பிரிட்டனி ஹோவர்ட்தான்.

பழைய பொற்காலம் யாருக்கு?

ஏதென்ஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் மஸில் ஷோல்ஸ் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள ஃபேம் ஒலிப்பதிவு நிலையத்தில் 1960களில் கறுப்பர் பாட, வெள்ளையர் வாத்தியம் வாசித்தனர். பல்கலைக்கழக வாயிலில் கறுப்பு மாணவரைத் தடுக்க 1963இல் கவர்னர் வாலஸே நேரில் சென்று நின்ற மாகாணத்தில் இது அரிய காரியமே. ஆயினும் அதனைச் சொர்க்கமென்று பாடுவோர் உண்மையை மறைக்கின்றனர். 1967 ஜனவரியில் அங்கு வந்த அரீதா ஃபிராங்க்ளின் ஒரே நாளில் திரும்பிவிட்டார். பதிவுக்கிடையே மூண்ட பூசலே காரணம். அந்நிலையத்துக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்த ஆர்தர் அலெக்ஸாந்தர் ஓட்டலில் சுமை தூக்கும் ஏவலாளராயிருந்த கறுப்பர். அவர் பாடல்களைப் பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் எடுத்துப் பாடினர். ஆக்கியோனோ பிற்காலத்தில் கிளீவ்லாந்தில் பஸ் ஓட்டிப் பிழைத்தார். பொற்காலம் பொற்காலம் என்கிறார்களே, அந்தப் பொன் யார் கைக்குப் போயிற்று? பழமைக்குத் திரும்புக என்று போதிப்போர் இதற்கு விடை கூறட்டும்.

தட்டின் தன்மை

இனித் தட்டுக்கு வருவோம். பாடல்கள் பன்னிரண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த இளங்கலைஞர் பிளேக் மில்ஸின் துணையுடன் நாஷ்வில் நகரில் பதிவானது. தலைப்புப் பாடலாகிய முதற்பாட்டே, உலோகப் பட்டைகளைத் தட்டி ஒலிக்கும் வைபிரஃபோனின் மெல்லோசையோடு தொடங்குகிறது. முதல் தட்டைப் போன்ற கிதார் முழக்கத்தை எதிர்பார்த்தோர் திகைத்தனர். 'டோன்ட் வான்னா ஃபைட்' என்னும் பாட்டில் ஹோவர்ட் மூச்சடைத்தாற்போன்ற ஒரு கீச்சொலியோடு நுழைகிறார். அலங்காரமில்லை, சண்டையிட்டுச் சண்டையிட்டுக் களைத்த ஒருத்தியின் பெருமூச்சே அது. 'கிம்மி ஆல் யுவர் லவ்' பாட்டில் குரல் முணுமுணுப்பாய்த் தாழ்ந்து, இடிபோல் எழுந்து, மறுபடி தாழ்கிறது. 'தி கிரேட்டஸ்ட்' தலைதெறிக்க ஓடுகிறது. 'ஃப்யூச்சர் பீப்பிள்' பாட்டில் அவர் கள்ளக்குரலில் உச்சத்துக்கு ஏறும்போது, பாடுபவர் ஆணா பெண்ணா என்ற ஐயமே எழுகிறது.

ஸோல் எங்கே போயிற்று என்று கேட்கிறார்களே, 'மிஸ் யூ' பாட்டைச் செவிகொடுத்துக் கேட்டார்களா? மாதாகோயிலின் கதறல் அதில் அப்படியே இருக்கிறது. ஸோல் போய்விடவில்லை, அது தட்டில் ஓர் அறையாக இல்லாமல் வீடெங்கும் நடமாடுகிறது.

குறையே இல்லையென்று நாம் வாதாடவில்லை. 'ஜெமினி' என்னும் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டு, போகுமிடம் தெரியாது மயங்குகிறது. 'ஷூகேஸ்' வந்த சுவடின்றிப் போகிறது. முதல் தட்டின் 'ஹோல்ட் ஆன்' போல ஒரே முறை கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும் பாட்டு இதில் குறைவே. இவற்றைச் சொல்லிக் கண்டிப்போருடன் நமக்குப் பிணக்கில்லை, அது விமர்சனம். "உன் பிறப்புக்கு இது அடுக்குமா?" என்ற கேள்வி விமர்சனமாகாது, அது வருணாசிரமம்.

ஜனங்கள் என்ன செய்தனர்? வெளிவந்ததும் இத்தட்டு பில்போர்ட் தொகுப்புப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 2016இல் கிராமிப் பரிசுகள் வழங்கப்பட்டபோது, சிறந்த ராக் பாடல், சிறந்த ராக் நிகழ்ச்சி, சிறந்த மாற்றிசைத் தொகுப்பு ஆகிய பரிசுகள் இவர்களுக்குக் கிடைத்தன. 'ஸோல் குழு' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் ராக் பிரிவிலே வென்றார்கள்! பரிசு பெற்றதனால் தட்டு நல்லதென்று நாம் சொல்லவில்லை, பரிசுகளிலும் சூதுண்டு. வேலியைத் தாண்டினால் அழிந்துபோவாய் என்று அச்சுறுத்தியோரின் சோதிடம் பொய்த்தது என்பதையே சுட்டுகிறோம். ஹோவர்ட் அதோடும் நிற்கவில்லை. சிறு வயதிலே மாண்ட தம் தமக்கையின் பெயரால் 2019இல் 'ஜேமி' என்னும் தனித் தட்டை வெளியிட்டு, மீண்டும் புதுவழி சென்றார்.

தோழர்களே! ஒருவருடைய முதல் படைப்பு அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் காட்டலாம். இரண்டாவது படைப்புத்தான் அவர் எங்குச் செல்லத் துணிந்தார் என்பதைக் காட்டுவது. வந்த இடத்தை மெச்சிவிட்டுச் செல்லும் வழியை மறிப்பவன் கலையின் நண்பனாக மாட்டான். நம் தோட்டத்திலும் நகரத்திலும் பாடவும் எழுதவும் நடிக்கவும் புறப்படும் இளைஞர் புதிதாய் ஒன்று செய்யும்போது, "உங்கள் பாட்டனார் இப்படியா செய்தார்?" என்று கேட்கும் நாவு நம்மிடமும் உண்டன்றோ? அந்த நாவை அடக்கிக்கொண்டு ஒருமுறை இத்தட்டைக் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் தாராளமாய்ச் சொல்லுங்கள். ஆனால் பாடியவர் யார் வீட்டுப் பெண் என்று பார்த்துத் தீர்ப்புக் கூறாதீர்கள். எந்தக் காரணத்தால் பிடிக்கவில்லை என்பதை உங்கள் பகுத்தறிவைக் கேட்டு, அதன் பிறகே சொல்லுங்கள்.