எந்த மஹாகவி எண்டு கணினிக்கு யார் சொல்லுறது?

நூலகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு லிங்க்ட் டேட்டா, அதாவது இணைத்த தரவு, கட்டாயம் படிப்பிக்க வேணும். விரும்பினால் எடுக்கிற பாடமாக இல்லை, கட்டாயப் பாடமாக. கலைப்பீடத்தில் இருந்துகொண்டுதான் சொல்லுறன்.

அளவெட்டியில் பிறந்த து. உருத்திரமூர்த்தியை (1927–1971) எடுங்கோ. அவர் எழுதியது மஹாகவி என்ற பெயரில். அதைச் சிலர் ‘மகாகவி’ என்று எழுதுவினம். அந்த ‘மகாகவி’ பாரதியாருக்கும் அடைமொழி. உருத்திரமூர்த்தியை ஆங்கிலத்தில் எழுதப்போனால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். எங்களுக்கு இவர் ஒரே ஆள். கணினிக்கோ ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் ஒவ்வொரு ஆள். தேடுற பிள்ளைக்குப் பாதிப் புத்தகம் கண்ணில் படாது.

இணைத்த தரவு செய்யிறது பெரிய மந்திரம் இல்லை. ஆளுக்கு மாறாத ஒரு அடையாளம் கொடுத்து, எல்லாப் பெயரையும் அதுக்குக் கீழ வைக்கிறது. பிறகு மூன்று துண்டாகச் சின்னச் சின்ன வசனங்கள்: குறும்பா – எழுதியவர் – மஹாகவி. மஹாகவி – பிறந்த இடம் – அளவெட்டி. மஹாகவி – மகன் – சேரன். சேரனுக்கும் தனி அடையாளம் இருப்பதால் தகப்பனின் நூலில் இருந்து மகனின் கவிதைக்கு நேரே போகலாம். இதற்கான அடிப்படை விதிகளை ரிம் பேர்ணர்ஸ் லீ எழுதியது 2006 இல். 2012 இல் தொடங்கிய விக்கித்தரவும் இந்த வழியில்தான் இயங்குது. அதில் தமிழில் யாழ்ப்பாணம், சிங்களத்தில் யாப்பனய, ஆங்கிலத்தில் ஜப்னா, மூன்றுக்கும் ஒரே அடையாளம். மும்மொழி நாட்டில் இருக்கிற எங்களுக்கு இது தேவையில்லையா?

“உது கணினி படிச்ச ஆக்களின்ர வேலை” எண்டு சொல்லுவினம். இல்லை. இந்த மஹாகவியும் அந்த மகாகவியும் வேற வேற எண்டு தீர்மானிக்கிறது பட்டியலாக்கம் தெரிந்தவரின் வேலை. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் மார்க் முறையை உருவாக்கிய ஹென்றியற் அவ்ராம் ஒரு நிரலாளர். அவர் பட்டியலாக்கத்தைப் படித்துத்தான் அதைச் செய்தார். அப்ப நிரலாளர் எங்கட பக்கம் வந்தார். இப்ப நாங்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் போனால் குறைஞ்சா போவம்?

“வாசிகசாலையில் ஒழுங்கான கணினியே இல்லை, முதலில் தூயி தசமப் பகுப்பைப் படிக்கட்டும்” என்பது அடுத்த கதை. தூயியை விடச் சொல்லி நான் கேட்கேல்லை. ஆனால் இண்டைக்குப் பட்டம் எடுக்கிற பிள்ளை இன்னும் 30 வருசம் வேலை செய்யும். விக்கித்தரவில் பதிய ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் போதும்.

1981 இல் எரிந்த யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக எண்ணிமப்படுத்தினார்கள். அந்த உழைப்புக்கு அடுத்த படி இணைப்பு. 1900க்கு முன் யாழ்ப்பாணத்தில் அச்சான எந்தெந்த நூல் இலண்டனில் இருக்கு, இங்க இல்லை? பட்டியல்கள் இணைந்திருந்தால் இது ஒரே ஒரு தேடல். இணையாவிட்டால் ஒரு ஆய்வாளரின்ர பல மாத அலைச்சல். நாங்கள் பதியாமல் விட்டால் வெளியில் இருக்கிற யாரோ தங்களுக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எங்கட ஆக்களைப் பதிவினம். பிறகு அதுதான் உலகம் முழுக்கப் பரவும்.

கேட்கிறது ஒரேயொரு பாட அலகு. வரைவிலக்கணம் பாடமாக்கிச் சோதனையில் கக்கிற அலகு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன்ர ஊர் எழுத்தாளர், அச்சகம், சஞ்சிகை என்று 20 பதிவுகளைச் சான்றோட செய்யட்டும். அதுக்கே புள்ளி போடுங்கோ. 50 பேர் படிக்கிற வகுப்பு என்றால் வருசத்துக்கு 1,000 பதிவு.

நூலகவியல் படிக்கிற நண்பர்களே, பாடத்திட்டம் திருத்திற நேரம் உங்களிட்டயும் கருத்துக் கேட்பினம். கேட்காட்டியும் எழுதிக் கொடுங்கோ.