கல்விக்கடனும் தொகுப்பூதியமும்: சங்கத்தின் நிலைப்பாடு

பொதுக்குழுவில் கல்விக்கடன் தீர்மானம் வாக்கெடுப்புக்குப் போகாமல் நின்றதும், அதன்பின் உறுப்பினர்களிடையே நடந்த வாக்குவாதமும் எல்லோரும் அறிந்தவை. சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டுக் கட்சிகள் கோரிக்கை மனுக்களை வாங்கும் நேரத்தில் சங்கம் வாய்மூடி இருக்க முடியாது. எனவே அரக்கோணத்தில் கூடிய செயற்குழு இந்த நிலைப்பாட்டைப் பெரும்பான்மையாக ஏற்றுள்ளது. மாற்றுக் கருத்துகள் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன.

அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சகி ஒருங்கிணைந்த சேவை மையம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வட்டார வள மையம் ஆகியவற்றில் ஒப்பந்தத்திலோ தொகுப்பூதியத்திலோ வேலை பார்ப்பவர்களின் கல்விக்கடன் தவணையில் ஒரு பங்கை, அவர்கள் பணியில் இருக்கும் காலம் வரை, மாநில அரசு கட்ட வேண்டும். முழுத் தள்ளுபடியை இந்த அறிக்கை கேட்கவில்லை. அது தவறான கோரிக்கை என்றும் சொல்லவில்லை.

கணக்கைப் பார்ப்போம். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று 4 லட்சம் ரூபாய் கடன். வட்டி பத்தரை சதவீதம். படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் முடியும்போது வட்டி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை 7,400 ரூபாய் அளவில் வரும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் செவிலியர்களை 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அன்றைக்கு அந்தத் தவணையைக் கட்டியிருந்தால் கையில் மிஞ்சியிருப்பது 300 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் செவிலியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஊதியம் நகர்ந்தது. பின்னர் அது 18,000 ஆனது. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதுநிலைப் பட்டத்தோடு சேரும் சமூகப் பணியாளருக்கு 18,536 ரூபாய். இதில் வாடகையும் ரயில் பாஸும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போக வங்கிக்கு எதைக் கட்டுவது?

கொரோனா காலத்தில் எடுத்த செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வங்கித் தவணை அந்தத் தேதியோடு நிற்கவில்லை.

தவணை உதவி கேட்டால் பணி நிரந்தரக் கோரிக்கை வலுவிழக்கும் என்பது தோழர்கள் சிலரின் அச்சம். அதில் நியாயம் இருப்பதாகச் செயற்குழு கருதுகிறது. எனவே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறோம்: காலமுறை ஊதியமே எங்கள் முதல் கோரிக்கை. தவணை உதவியைக் காட்டித் தொகுப்பூதியத்தை நீட்டிக்க எந்த அரசு முயன்றாலும் சங்கம் எதிர்க்கும்.

இனி, செயற்குழுவில் அனைவரும் ஒரே குரலில் பேசிய விஷயத்துக்கு வருகிறோம். அது பெற்றோர் நகை.

கல்விக்கடனில் தாயோ தந்தையோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். குருவராஜப்பேட்டைத் தறிக்காரர், செங்கல் சூளைக்குப் போகிறவர், ரயில்வேயில் ஒப்பந்தக் கூலி என்று எங்கள் பெற்றோர் இப்படிப்பட்டவர்கள். மகள் கடனுக்கும் தன் நகைக்கும் தொடர்பு உண்டு என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. அவர் வேறொரு செலவுக்குத் தன் பெயரில் நகைக்கடன் வாங்குகிறார். வயிற்றைக் கட்டி, வட்டியோடு முழுத் தொகையையும் செலுத்துகிறார். நகையைத் திருப்பிக் கேட்டால், மகளின் கல்விக்கடன் வாராக்கடனாகிவிட்டது, அதைக் கட்டினால்தான் நகை என்று கவுன்ட்டரில் பதில் வருகிறது. உறுப்பினர்கள் ஒருவரல்ல, பலர் இதை எங்களிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் தங்கையின் தோடு வங்கிப் பெட்டகத்துக்குள் மாட்டிக்கொண்ட குடும்பம் உண்டு. முதியோர் ஓய்வூதியம் வரும் கணக்கையே முடக்கிவைத்ததாகவும் புகார் வந்துள்ளது.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 171-ஆவது பிரிவை வங்கிகள் காட்டுகின்றன. பொதுப் பாக்கிக்காகக் கையில் உள்ள ஈட்டுப் பொருளை நிறுத்திவைக்க வங்கிக்கு அது உரிமை தருகிறது. அந்த உரிமை எதுவரை செல்லும் என்பதில் வழக்கறிஞர்களிடையே வேறுபாடு இருப்பதால் சட்ட விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு ஈடு எதுவும் வாங்கக் கூடாது என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே உள்ள விதி. ஏழரை லட்சம் வரை ஈடில்லாமல் கொடுப்பதற்காகவே 2015-இல் மத்திய அரசு கடன் உத்தரவாத நிதியம் அமைத்தது. அதன்கீழ் வந்த கடன் நிலுவையானால் 75 சதவீதத்துக்கு நிதியம் பொறுப்பு. முன்வாசலில் ஈடு வேண்டாம் என்று கடன் கொடுத்துவிட்டு, அம்மாவின் தாலிக்கொடியைப் பின்வாசல் வழியாக ஈடாக்குவது என்ன நேர்மை? பெரிய கம்பெனிகளின் பாக்கியைப் பேசித் தீர்க்க உட்காரும் அதிகாரிகளுக்கு, தறிக்காரரின் மனைவியோடு ஐந்து நிமிடம் பேச நேரமில்லையா?

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக்கடன்களில் ஒரு பகுதியை முகமதிப்பில் பாதிக்கும் குறைவான விலைக்கு ரிலையன்ஸின் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. அந்தக் கழிவை, கடன் வாங்கிய பிள்ளைக்கே கொடுத்திருந்தால் எத்தனை வீடுகள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்! வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. இரவுப் பணியில் வார்டில் நிற்கும்போது அழைப்பு வருவது இன்னும் நின்றபாடில்லை.

ஆகவே, தவணை உதவித் திட்டம் எந்த வடிவில் வந்தாலும், அதில் சேர்ந்தவரின் பெற்றோர் நகையையும் சேமிப்புக் கணக்கையும் கல்விக்கடனுக்காக நிறுத்திவைக்கக் கூடாது என்ற நிபந்தனையை வங்கிகள் எழுத்தில் ஏற்க வேண்டும். இதில் சங்கம் சமரசம் செய்யாது.

தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் கடனில் மாநில அரசு என்ன செய்ய முடியும் என்ற பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டோம். கேரளத்திலும் அதே வங்கிகள்தான் இருக்கின்றன. அங்கு 2017-இல் கல்விக்கடன் திருப்பிச் செலுத்த உதவும் திட்டம் வந்தது. ஒழுங்காகக் கட்டிவரும் கணக்குகளுக்கு முதல் ஆண்டு 90, அடுத்து 75, பிறகு 50, நான்காம் ஆண்டு 25 சதவீதம் என்று அரசு பங்கு கொடுத்தது. வாராக்கடனுக்கும் அரசு ஒரு பங்கு, கடனாளி ஒரு பங்கு என்று தனி வழி இருந்தது. அமெரிக்காவில் பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 தவணை கட்டியவரின் மீதிக் கடனைத் தள்ளும் சட்டம் 2007 முதல் உள்ளது. இந்த இரண்டில் கேரள வழியே நமக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலோர் கருத்து.

கடன் சுமையை அரசு ஏற்பது தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடியானது. ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனும் தள்ளுபடியானது. இரண்டையும் வரவேற்றோம். அதே 2021-இல் கல்விக்கடனுக்கும் திமுக வாக்குறுதி தந்தது. 2024 மக்களவைத் தேர்தல் அறிக்கையிலும் கல்விக்கடன் தள்ளுபடி இருந்தது. நம்பி வாக்களித்தவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது எந்தக் கட்சிக்கும் எதிரான அறிக்கை அல்ல. கொடுத்த வாக்கைக் கேட்பது அரசியல் என்றால் அப்படியே இருக்கட்டும்.

மத்திய அரசின் சலுகைகளும் எங்கள் உறுப்பினர்களுக்கு உதவவில்லை. அதன் வித்யாலட்சுமி திட்டம் 2024-இல் வந்தது. குறிப்பிட்ட தரவரிசைக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்பவர்களுக்கானது. பழைய கடனுக்கு அதில் இடமில்லை. கல்விக்கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை, வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவர்களுக்கு.

தவணை உதவித் திட்டத்தில் ஆந்திராவின் சித்தூர், திருப்பதிக் கல்லூரிகளில் படித்தவர்களைச் சேர்ப்பதா என்று கேட்கப்பட்டது. தமிழ்நாட்டில் பணிபுரிந்தால் சேர்க்க வேண்டும். தனியார் மருத்துவமனைச் செவிலியர் பற்றி ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. அடுத்த பொதுக்குழுவில் விவாதிக்கப்படும்.

உறுப்பினர்கள் தங்கள் கடன் கணக்கு விவரம், சம்பளச் சான்று ஆகியவற்றின் நகல்களையும், நகையோ கணக்கோ நிறுத்தப்பட்டிருந்தால் வங்கி தந்த கடிதத்தையும் வட்டாரச் செயலாளர்களிடம் கொடுங்கள். வாய்மொழியாக மட்டும் மறுத்திருந்தால், எழுத்தில் பதில் கேட்டு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சங்கத்தின் கோரிக்கை மனுவோடு இந்த ஆதாரங்களையும் இணைத்து எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களுக்கும், ராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்ப இருக்கிறோம்.