கம்ப்யூட்டர் ஏற்பாடுகளுக்கும் வயற்பரீட்சை வேண்டும்

புதிய நெல் ரகமொன்றை விவசாய இலாகா ஒரே பருவத்தில் ஜில்லா முழுவதும் விதைக்கச் சொல்லுவதில்லை. முதலில் பண்ணையிலும், பிறகு ரயத்துகள் சிலருடைய நிலங்களில் அவர்களுடைய தண்ணீரையும் எருவையும் கொண்டும் பரீட்சித்துப் பலன் கண்ட பின்னரே விதை விநியோகமாகிறது. ரயத்துக்குச் சேரவேண்டிய பணத்தைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் ஏற்பாடுகளை மட்டும், சர்க்கார்கள் பரீட்சையின்றி மொத்தமாக வாங்கித் தேசமெங்கும் ஒரே நாளில் திறந்துவிடுவது விந்தையே.

இதனால் விளையும் கஷ்டத்திற்கு இங்கிலாந்தே தக்க உதாரணம். ஐரோப்பிய யூனியனின் விவசாய உதவித்தொகை 2015-ஆம் வருஷத்தில் புதிய விதிகளின்படி வழங்கப்படவேண்டியிருந்தது. விண்ணப்பங்களை இன்டர்நெட் மூலமாகவே அனுப்பவேண்டும், நிலத்தின் எல்லைகளையும் வேலிகளையும் விவசாயியே கம்ப்யூட்டர் படத்தில் குறிக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கிராமங்களில் இன்டர்நெட் வசதி மந்தமாயிருந்ததையும், விண்ணப்பிப்போரில் முதியவர் அநேகர் என்பதையும் திட்டமிட்டோர் போதுமான அளவு கருதியதாகத் தோன்றவில்லை. படம் குறிக்கும் பகுதி பாரம் தாங்காமல் ஸ்தம்பித்தது. மார்ச்சு மாதத்தில், விண்ணப்ப காலத்தின் நடுவிலேயே, அதைக் கைவிட்டுக் காகித நமூனாக்களுக்குத் திரும்பினார்கள். கடைசித் தேதி மே 15-லிருந்து ஜூன் 15-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. விவசாயிகள் பேனாவால் எழுதிக் கொடுத்ததைச் சிப்பந்திகள் கம்ப்யூட்டரில் ஏற்றலாயினர்!

அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அவ்வருஷ டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 15.5 கோடி பவுன் என மதிப்பிட்ட செலவு 21.5 கோடியாக உயர்ந்தது. பட்டுவாடாவின் முதல் நாளில் நூற்றுக்கு 38 விவசாயிகளுக்கே பணம் சேர்ந்தது. முந்திய வருஷங்களிலோ முதல் நாளிலேயே நூற்றுக்கு 90-க்கு மேல். வேலையின் தலைமைப் பொறுப்பாளர் ஓராண்டுக்குள் நால்வர் மாறினர். சம்பந்தப்பட்ட இலாகாக்களுக்குள் ஒற்றுமையும் இல்லை. இத்தனைக்கும், 2005-ஆம் வருஷத் திட்டத்திலேயே பட்டுவாடா தாமதித்து, விவசாயிகள் கடன்பட்டுத் தவித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு.

விதிகளின் தேதி முன்கூட்டியே நிச்சயமாகிவிட்டதால் பரீட்சைக்கு அவகாசமில்லை என்று சமாதானம் கூறுவர். அதில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் அவகாசம் குறைவாயிருக்கும்போதுதான் சிறிது சிறிதாக நடத்திப் பார்ப்பது அதிக அவசியம் என்பது நமது அபிப்பிராயம். டெண்டரில் வேலை முழுவதையும் ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதைவிட, பகுதி பகுதியாக வாங்கி, ஒவ்வொரு பகுதியும் கிராமத்தில் ஓடிக் காட்டிய பின் பணம் கொடுப்பது உசிதம். கணக்குகளும் நிரலும் சர்க்காரின் உடைமையாயிருக்கவேண்டும். இல்லாவிடில் சிறு திருத்தத்திற்கும் அக்கம்பெனியையே நம்பியிருக்க நேரும். காகித நமூனாவை இரண்டொரு வருஷம் கையில் வைத்திருப்பதும் அவமானமன்று.

பரீட்சைக்கு யாரைத் தெரிந்தெடுப்பது என்பதே முக்கியம். தாலுகா தலைநகரத்தில் படித்த இளைஞர் நால்வரைக் கொண்டு நடத்துவது பரீட்சையாகாது. கூட்டுப் பட்டாதாரர், குத்தகைக்கு உழுகிறவர், பட்டாவில் இன்னும் தகப்பனார் பெயரே இருப்பவர், கையில் போன் இல்லாத விதவை, சிக்னல் எட்டாத மலையடிவார ஊரார் ஆகியோரைத் தேடிப்பிடிக்கவேண்டும். அவர்கள் யாரென்பது கிராம அதிகாரிகளுக்குத்தான் தெரியும். ஆதலால் டெண்டர் எழுதுமுன்னரே கிராம அதிகாரிகளின் யோசனையைக் கேட்கவேண்டும். கேளாவிட்டாலும், இத்தகையோரின் நிலைமையை அவர்கள் தாமாகவே மேலதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிக்கலாம்.