கெண்டைப்பொடிக்கு எத்தனை பெயர்?

தென்காசி மாவட்ட வாசகர் ஒருவர் தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் பாயும் 30 சென்ட் குட்டையில் கட்லா, ரோகு குஞ்சுகள் விடப்போகிறார். குட்டை நிறையக் கெண்டைப்பொடி. பழைய கையேட்டில் எல்லாவற்றுக்கும் 'புன்டியஸ்' என்றிருக்கிறது. புதியதில் பெத்தியா, டாகின்சியா என்று பல பெயர்கள். இவை வேறு மீன்களா, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

மீன் அதேதான், பெயர்தான் மாறியது. 1822-ல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது, வங்காளிகள் சொல்லும் பெயரை ஒட்டி 'புன்டியஸ்' என்று வைத்தார். பின்னால் வந்தவர்கள் கெண்டை போலிருந்த பொடிமீனையெல்லாம் அந்த ஒரே பையில் போட்டார்கள். 2012-ல் இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் உடன் ஆய்வாளர்களும் எலும்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 'திராவிடியா' என்றே பெயர் வைத்தார்கள். அது ஏற்கெனவே ஓர் ஈ வகைக்குப் போயிருந்ததால், மறு ஆண்டே 'ஹாலுதாரியா' என மாற்ற வேண்டியதாயிற்று. ஹாலுதார் என்பவர் ஹாமில்டனுக்கு மீன் படம் வரைந்து கொடுத்த வங்காள இளைஞர்.

கரையில் வைத்தே ஓரளவு இனம் காணலாம். முதுகுத் துடுப்பு முள்ளின் பின்விளிம்பை விரலால் தடவ வேண்டும். ரம்பம் போல் சொரசொரத்து, வாலடியில் கரும்புள்ளியும் இருந்தால் பெரும்பாலும் பெத்தியா. ரம்பத்தோடு இரண்டு ஜோடி மீசை இருந்தால் சிஸ்டோமஸ். இதில் ஓரடி வரை வளரும் மீனும் உண்டு, அதைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம். முள் வழவழப்பாக, குஞ்சில் மூன்று கருப்புப் பட்டை, வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்சி என்றால் டாகின்சியா.

இந்த டாகின்சியாவில்தான் கவனம் தேவை. ஈ.ஜி. சைலஸ் 1954-ல் தாமிரபரணியின் பெயரையே சூட்டிய மீன் இதில் ஒன்று. அந்த ஆற்றுப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. குட்டையில் வந்து சேர்ந்திருப்பதும் அதுவாக இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் நீரை வடித்து, சிறுகண் வலையால் அரித்து, நூல் துடுப்பு மீன்களை உயிரோடு கால்வாயிலேயே விட்டுவிட வேண்டும். மிச்சத்துக்கு இலுப்பைப் பிண்ணாக்கு போதும். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ கணக்கு. 30 சென்டுக்கு 300 கிலோ. நீர் குறைந்தால் அளவும் குறையும். இரவு ஊறவைத்து மறுநாள் பரவலாகத் தெளிக்கலாம். மடை இரண்டையும் அடைக்காமல் போடவே கூடாது. அந்த நீர் கால்வாயில் இறங்கினால் அங்குள்ள மீனும் செத்து மிதக்கும். விஷம் முறிய மூன்று வாரம் பிடிக்கும், பிறகு பிண்ணாக்கு உரமாகிவிடும். குஞ்சு விடுமுன் வரத்து மடையில் நெருக்கமான கொசுவலை கட்டிவிட்டால் கெண்டைப்பொடி மறுபடி நுழையாது.