சிவப்பா எரியறதெல்லாம் வைத்தியம் இல்லைங்க

ஊர்ல இருக்கற அம்மாவுக்கு மூட்டு வலின்னு தெரிஞ்சா, சென்னையிலயும் பெங்களூருலயும் இருக்கற பிள்ளைங்க செய்யற முதல் வேலை போனை எடுத்து எதையாவது ஆர்டர் போடறது. முன்னாடி மசாஜ் செருப்பு வந்துச்சு. அப்புறம் மூட்டு பெல்ட்டு, காந்தப் படுக்கை. இப்ப ரெட் லைட் தெரபி. எங்க தெருவுல மட்டும் மூணு வீட்டுல இருக்கு. அந்த மூணுல ரெண்டு, ரெட் லைட் தெரபியே கிடையாது. கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அந்த ரெண்டும் கோழிக்குஞ்சுக்குத் தொங்கவிடற பல்போட தம்பிங்க. ஒரு நாள் குஞ்சு பண்ணைக்கு வந்து இறங்கினதும் முதல் வாரம் அதுக்குத் தாய்க்கோழி சூடு வேணும். அதுக்காகப் புரூடர்ல 250 வாட்ஸ் அகச்சிவப்பு பல்பு கட்டுவோம். சிவப்புக் கண்ணாடி, உள்ளே பழைய குண்டு பல்பு மாதிரி டங்ஸ்டன் இழை. அது தர்றது பெரும்பாலும் சூடுதான், வெளிச்சம் கொசுறு. பிசியோதெரபி சென்டர்ல இடுப்புக்கு வைக்கற 150 வாட்ஸ் விளக்கும் அதே ஜாதிதான். அதைத் தப்புன்னு சொல்லலை. அளவா வச்சா பிடிப்பு இளகும். ஆனா அதுக்குப் பேரு ஒத்தடம். ஒத்தட விளக்கை ஒத்தட விளக்குன்னு சொல்லி விக்கணும். போட்டோவுல சிவப்பா தெரியுதுங்கறதுக்காக 'ரெட் லைட் தெரபி'ன்னு தலைப்பு போட்டு விக்கறது பித்தலாட்டம்.

ரெட் லைட் தெரபின்னு ஆராய்ச்சியில சொல்றது வேற சங்கதி. எல்.இ.டி. இல்லேன்னா லேசர். கண்ணுக்குத் தெரியற சிவப்புல 630-லிருந்து 660 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாததுல 810-லிருந்து 850. இந்த ரெண்டு பட்டையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தறாங்க. சுடறது அதோட வேலை இல்லை. 1960-கள்ல ஹங்கேரி டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழிச்ச எலி மேல லேசர் அடிச்சுப் பார்த்தப்ப மயிர் வேகமா முளைச்சதுல ஆரம்பிச்ச கதை இது. கேன்சர் சிகிச்சையில வாய் வெந்து புண்ணாகறதைத் தடுக்க, சில நோயாளிகளுக்கு இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்குது. முடி வளர லேசர் சீப்பு ஒண்ணுக்கு 2007-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆக, மொத்தமா ஏமாத்துன்னு தூக்கிப் போடவும் முடியாது. அதுதான் விக்கறவனுக்கு வசதி. உண்மை ஒரு படி இருந்தா பொய்யை ஒரு மூட்டை அளக்கலாம்.

பேரை மாத்தி வித்தா என்ன குடிமுழுகிப் போயிடும்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க தெரு பெரியம்மா ஒருத்தங்களுக்குப் பதினஞ்சு வருசமா சர்க்கரை. பாதத்துல உணர்ச்சி கம்மி, முள்ளு குத்தினாக்கூடத் தெரியாது. பையன் அனுப்பின விளக்கைக் காலுக்குப் பக்கத்துல வச்சுட்டு டி.வி. பார்த்தபடியே கண்ணசந்துட்டாங்க. சுட்டது தெரியலை. காலையில எழுந்தா குதிகால்கிட்ட எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். ஒண்ணரை மாசம் டவுனுக்குப் போய்க் கட்டு மாத்திட்டு வந்தாங்க. விரல் போகாம தப்பிச்சது தெய்வாதீனம். பெட்டியில 'பக்க விளைவு இல்லாதது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. சர்க்கரைக்காரங்க ஜாக்கிரதைன்னு ஒரு வரி தேடினேன், கிடைக்கலை.

சரி, நிஜமான எல்.இ.டி. சாதனமே வாங்கறீங்கன்னு வைப்போம். மூட்டுத் தேய்மானத்துக்கு அது கேக்குமா? 2019-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, சரியான அலைநீளத்துல சரியான அளவுல லேசர் கொடுத்தா வலி குறையுதுன்னு சொல்லுது. 2022-ல பிரிட்டனோட நைஸ் அமைப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு லேசரைக் கொடுக்காதீங்க, ஆதாரம் போதலைன்னு எழுதிடுச்சு. நிலைமை இவ்வளவுதான். ஆனா அதே நைஸ் தயக்கமே இல்லாம சொன்னது உடற்பயிற்சியை. நாற்காலியில உக்காந்து காலை நீட்டி, அஞ்சு எண்ணி இறக்கற மாதிரி தொடைத் தசைக்குப் பலம் தர்ற பயிற்சி. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்க்கறாங்க, காசு கிடையாது. அந்தப் பெரியம்மா பையனுக்கு அது தெரியாது. ஆன்லைன்ல எந்த விளக்குக்கு எத்தனை ஸ்டார்னு மட்டும் தெரியும்.

இன்னொரு பக்கம் எங்காளுங்களும் சும்மா இல்லை. "களத்து வெயில்ல நில்லு, எல்லாச் சிவப்பும் அதுல இருக்கு"ன்னு ஒரு கட்சி. வெயில்ல சிவப்பு இருக்கறது நிஜம். கூடவே புற ஊதாவும் கொளுத்தற சூடும் இருக்கே. அறுபது வருசம் வெயில்ல களை எடுத்த கால்தான் இப்ப வலிக்குது. வெயில் வைத்தியம்னா எங்க ஊர்ல ஒருத்தருக்கும் மூட்டு வலி இருக்கக் கூடாது.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்கித்தான் தீரணும்னா, காசைப் பார்த்துச் செலவு பண்ணுங்க. முழங்கால் எவ்வளவு பெருசு? ரெண்டு உள்ளங்கை. அதுக்கு ஆள் உயரத்துக்குப் பேனல் எதுக்கு, தவணை கட்டறது எதுக்கு? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாதனமோ, மூட்டைச் சுத்திக் கட்டற பட்டையோ போதும்.

அலைநீளம் எத்தனை நானோமீட்டர்னு எழுதியிருக்கணும். 'சிவப்பு', 'இன்ஃப்ராரெட்'னு மொட்டையா போட்டிருந்தா வேண்டாம். அடுத்தது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், எவ்வளவு தூரத்துல அளந்ததுன்னு கேளுங்க. உச்சி வெயிலே ஏறக்குறைய 100 மில்லிவாட்தான். அதைவிடப் பெரிய நம்பர் சொன்னா எந்த மீட்டர்ல அளந்தேன்னு கேளுங்க. எங்க மோட்டாருக்கு சோலார் மாட்ட வந்தவர் வெயில் அளக்க ஒரு மீட்டர் வச்சிருந்தார். அந்த மாதிரி மீட்டரை எல்.இ.டி. முன்னாடி நீட்டினா நிஜத்தைவிடக் கூடுதலாக் காட்டும். பல பேரு காட்டற நம்பர் அப்படி வந்ததுதான். வாட்ஸ் கணக்கும் அப்படியே. அறுபது பல்பு, ஒவ்வொண்ணும் 5 வாட்ஸ், ஆக 300 வாட்ஸ்னு போடுவாங்க. பிளக்குல சொருகற மீட்டர் வச்சுப் பாருங்க, பெரும்பாலும் அதைவிட ரொம்பக் கம்மியாத்தான் இழுக்கும்.

நேரத்தையும் கணக்குப் பண்ணணும். 50 மில்லிவாட்ல ரெண்டு நிமிசம் வச்சா 6 ஜூல். தூரம் கூடக் கூட அது குறையும். அதுக்காக ஒரு மணி நேரம் வச்சா ரொம்ப நல்லதுன்னு நினைக்காதீங்க, அளவு மீறினா பலன் குறையறதாத்தான் ஆய்வுகள் சொல்லுது. யூரியாவை அள்ளிக் கொட்டின வயல்ல பயிர் கரும்பச்சையா நிக்கும், பின்னாடியே புகையான் வந்து உக்காரும்.

'எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது'ன்னு சான்றிதழ் காட்டறவங்ககிட்ட வாங்காதீங்க. பதிவு வேற, அனுமதி வேற. பதிவுச் சான்றிதழ்னு ஒண்ணை நாங்க யாருக்கும் தர்றதே இல்லைன்னு அந்த அமைப்பே சொல்லியிருக்கு. நம்ம நாட்டுல மருத்துவக் கருவிகளுக்கு 2017-ல தனி விதி வந்தாச்சு. வலி தீர்க்கற கருவின்னு விக்கறவங்ககிட்ட உரிம எண்ணைக் கேளுங்க. மழுப்பினா அப்படியே நகர்ந்துடுங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு சர்க்கரை இருக்கா, கால்ல உணர்ச்சி இருக்கா, வெளிச்சம் பட்டா தோல் அரிக்கற மாதிரி மருந்து எதுவும் சாப்பிடறாங்களான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. 850 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, அதனால கண் தானா மூடிக்காது. பெட்டியோட கண்ணாடி வருதான்னு பாருங்க. குறிப்பு இங்கிலீசுல இருந்தா, எத்தனை நிமிசம், எவ்வளவு தூரம், எங்கே வைக்கக் கூடாதுன்னு தமிழ்ல பெருசா எழுதி உள்ளே வச்சு அனுப்புங்க. பெரியம்மா வீட்டுக்கு வந்த காகிதத்துல சீன எழுத்துதான் இருந்துச்சு.