பூட்டு இடம் மாறியது

இணையத்தில் வீடியோ பார்க்கும் முறை யாவருக்கும் பொதுவாகிவிட்டது என்றும், தனிக் கம்பெனிகளின் ஏகபோகம் ஒழிந்தது என்றும் அறிஞர் சிலர் மகிழ்ச்சியடைகிறார்கள். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைக் கவனியாது விட்டால், பெற்ற வெற்றியும் கைநழுவிப் போய்விடும் என்பதை எடுத்துக்காட்டுவதே இன்று நமது நோக்கமாகும்.

ஒரு சாதனம் பொதுவானதா, தனியுடைமையா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்ய விரும்புவோன் எவரிடமேனும் அனுமதி கேட்க வேண்டுமா என்பதே அச்சோதனை. ஜினீவாவிலுள்ள ஸெர்ன் ஆராய்ச்சி ஸ்தாபனம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே வகுத்த வலையின் மென்பொருளை 1993-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி பொதுச் சொத்தாக விட்டுக்கொடுத்தது. அதன் பின்னர் எவரும் எவரையும் கேளாமல் உலாவி செய்யலாம், பக்கம் பிரசுரிக்கலாம். வலை உலகெங்கும் பரவியதற்கு இது ஒரு முக்கிய காரணமென்பதில் ஐயமில்லை.

வீடியோ மட்டும் இச்சோதனையில் தேறவில்லை. பல்லாண்டுகள் அதைக் காண ‘ஃபிளாஷ்’ என்னும் துணை மென்பொருள் தேவையாயிருந்தது. அதுவோ அடோபி என்னும் ஒரே கம்பெனியின் சொத்து. ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு ஃபிளாஷுக்கு அளித்துவந்த ஆதரவை அடோபியே நிறுத்திக்கொண்டது. ஆயின் ஜாப்ஸ் அதன் ஸ்தானத்தில் சிபார்சு செய்த ஹெச்.264 என்னும் படச்சுருக்க முறையும் பல கம்பெனிகளின் பேடண்டுகளால் கட்டுண்டதே. அக்கம்பெனிகளுள் ஆப்பிளும் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது.

ஃபயர்பாக்ஸ் உலாவியை இலவசமாக வழங்கும் மொஸில்லா ஸ்தாபனம் இம்முறையை ஏற்க மறுத்தது. தான் தொகை செலுத்தினாலும், தன் மென்பொருளை மாற்றி மறுபடி வழங்குவோருக்கு அவ்வுரிமை செல்லாது என்பது அதன் வாதம். கூகிள் கம்பெனி 2010-ல் வி.பி.8 என்னும் முறையை ராயல்டியின்றி வெளியிட்டது. 2011 ஜனவரியில், தன் குரோம் உலாவியிலிருந்து ஹெச்.264-ஐ நீக்குவதாகவும் அறிவித்தது. அவ்வாக்கு நிறைவேற்றப்படவேயில்லை. துணையின்றி நின்ற மொஸில்லா 2012-ல் பணிய நேர்ந்தது. அடுத்த வருஷம் ஸிஸ்கோ கம்பெனி தானே தொகையைச் செலுத்தி, ஹெச்.264 மென்பொருளை இலவசமாக வழங்க முன்வந்தது. மொஸில்லாவின் கொள்கை பிழையானதன்று; அதற்குப் பின்பலம் போதவில்லை.

பின்னர் நிலைமை மாறியதும் கொள்கையால் அன்று. 2013-ல் வந்த ஹெச்.இ.வி.ஸி. முறைக்குப் பல குழுக்கள் தனித்தனியே தொகை கேட்கத் தொடங்கவே, பெரிய கம்பெனிகளுக்கே அது பொறுக்க முடியாததாயிற்று. கூகிள், மொஸில்லா, ஸிஸ்கோ, நெட்ஃபிளிக்ஸ், மைக்ரோஸாஃப்ட் முதலியவை 2015-ல் ஒன்றுகூடி, 2018-ல் ராயல்டியற்ற ஏ.வி.1 முறையை வெளியிட்டன. ஆப்பிளும் அக்கூட்டத்தில் சேர்ந்தது. நாம் மேலே ஒப்புக்கொண்ட பாதி உண்மை இதுவே.

இனி மற்றப் பாதியைக் காண்போம். சுருக்குமுறையில் பூட்டுத் திறந்தபொழுது, திறவுகோல் வேறிடத்தில் பூட்டப்பட்டது. வலையின் விதிகளை வகுக்கும் டபிள்யூ3ஸி சபை 2017 ஸெப்டம்பரில், காப்புப் பூட்டிட்ட வீடியோக்களை உலாவியில் காட்டும் இடைமுகம் ஒன்றைத் தன் சிபார்சாக வெளியிட்டது. ஓட்டளித்தோரில் ஏறக்குறைய 58 சதவீதத்தினரே அதை ஆதரித்தார்கள். குறைகளை ஆராய்வோர் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்னும் உறுதியைக் கேட்டும் பெறாத எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் சபையினின்று விலகிற்று. அவ்விடைமுகம் பொதுவானதே, அதற்குப் பின்னே இயங்கும் மறைகுறி நீக்கும் பகுதி பொதுவன்று. அத்தகைய பகுதிகளுள் முக்கியமான ‘வைட்வைன்’ கூகிளுக்குச் சொந்தம். ஆகவே சிறிய உலாவி செய்வோன் அக்கம்பெனியின் அனுமதியை நாட வேண்டியவனாகிறான்.

உலாவிகளின் நிலையும் இதுவே. ஓபரா 2013-லும், மைக்ரோஸாஃப்டின் எட்ஜ் 2020-லும் தத்தம் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு, கூகிள் முன்னின்று நடத்தும் குரோமியத்தைத் தழுவின. குரோமியத்தின் மூலநிரல் பகிரங்கமானது என்பர். அது மெய்யே. ஆயினும் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று தீர்மானிப்பதில் பெரும்பங்கு ஒரே கம்பெனியினதாக இருக்கையில், மூலநிரலை வாசிக்கும் உரிமை மட்டும் சுதந்திரமாகிவிடாது. மொஸில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகிள் தரும் தேடற் கட்டணமேயாம். எதிர்க்கக் கூடியவன் எதிரியின் படியளப்பிலே வாழ்வது க்ஷேமமன்று.

ஆதலின் செய்ய வேண்டுவன மூன்று. பொதுப் பணத்தில் எடுக்கப்படும் வீடியோக்கள் அனுமதி வேண்டாத முறைகளிலும் வெளியாக வேண்டும். பூட்டின் குறையை நல்லெண்ணத்துடன் ஆராய்வோரைச் சட்டம் குற்றவாளியாக்கலாகாது. வேறு இயந்திரத்தில் இயங்கும் உலாவி ஒன்றையேனும் ஜனங்கள் வழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். மொஸில்லா தோற்றது வாதத்தில் அன்று, எண்ணிக்கையில். அந்த எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவர்கள் உபயோகிக்கும் ஜனங்களே.